கிராஷ் ஆனால் தானே எழுந்துவிடுகிறதே, பிறகு பேக்கப் எதற்கு?

கேள்வி இதுதான்: "எங்கள் பில்லிங் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 16-ல் ஓடுகிறது. டேட்டாபேஸ் சுமார் 180 ஜிபி. தினமும் இரவு 1 மணிக்கு கிரான் வழியாக பிஜி_டம்ப் எடுத்து, ஜிசிப் கொண்டு சுருக்கி வைக்கிறோம். போன வாரம் கரண்ட் போய் சர்வர் அணைந்துவிட்டது. திரும்ப வந்ததும் லாகில் ஏதேதோ ரெடோ வரிகள் ஓடின, பிறகு தானே சரியாகிவிட்டது. இவ்வளவையும் அதுவே பார்த்துக்கொள்கிறது என்றால் டம்ப் மட்டும் போதாதா? பகல் 3 மணிக்கு யாராவது ஒரு டேபிளை அழித்துவிட்டால் 2.59 மணி நிலைக்குப் போக முடியுமா?"

டம்ப், அதாவது ஒரு நேரத்து டேட்டாவை மொத்தமாக எழுதி எடுத்த கோப்பு, மட்டும் வைத்திருந்தால் முடியாது. இரவு 1 மணி நிலைக்குத்தான் போகலாம். 14 மணி நேரத்து பில்கள் போனது போனதுதான். ஆனால் போன வாரம் உங்கள் சர்வரை எழுப்பிவிட்ட அதே பொறிமுறை 2.59-க்கும் கொண்டுபோய் விடும். அதற்குத் தேவையான கோப்புகளை போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு நாளும் உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் அவற்றை எடுத்து வைக்காததால் அதுவே பழையதை மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது, அல்லது அழித்துவிடுகிறது. கிராஷ் ரெகவரியும் பேக்கப்பிலிருந்து மீட்பதும் வேறு வேறு வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். உள்ளே ஓடுவது ஒரே வேலை; எங்கிருந்து தொடங்குவது, எதுவரை ஓட்டுவது என்பதில் மட்டும்தான் வித்தியாசம்.

முதலில் அந்த லாக் வரிகளைப் பார்ப்போம். ஒருவர் கமிட் (மாற்றத்தை உறுதிசெய்யும் ஆணை) கொடுத்ததும் போஸ்ட்கிரெஸ் டேபிள் கோப்பில் உடனே எழுதுவதில்லை. மாற்றம் நினைவகத்தில் உள்ள 8 கேபி பக்கத்தில் நடக்கிறது. அந்த மாற்றத்தின் விவரம் ரைட் அஹெட் லாகில், அதாவது வால் கோப்பில், எழுதப்பட்டு எஃப்சிங்க் ஆகிறது, அதாவது வட்டில் நிஜமாகவே பதியும்படி கட்டாயப்படுத்தப்படுகிறது. அது வட்டில் பதிந்த பிறகுதான் "கமிட்" என்று பதில் வருகிறது. கடையில் நடப்பதை அப்போதைக்கப்போது சிட்டையில் குறித்துவிட்டு, பேரேட்டில் பிறகு ஏற்றுவது போலத்தான். பேரேடு பின்தங்கியிருந்தாலும் சிட்டை சரியாக இருந்தால் கணக்கு தப்பாது. இப்படி ஏற்றி முடிக்கிற வேலைக்குச் செக்பாயிண்ட் என்று பெயர். மாறிய பக்கங்கள் எல்லாம் டேபிள் கோப்புகளுக்குப் போய், எஃப்சிங்க் ஆகி, "இந்த இடம் வரை பத்திரம்" என்ற குறிப்பு பிஜி_கண்ட்ரோல் கோப்பில் ஏறும். இயல்பான அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை, அல்லது வால் அளவு மேக்ஸ்_வால்_சைஸ் என்ற வரம்பை (இயல்பாக 1 ஜிபி) நெருங்கும்போது இது நடக்கும்.

கரண்ட் போய்த் திரும்பும்போது "டேட்டாபேஸ் சிஸ்டம் வாஸ் நாட் ப்ராப்பர்லி ஷட் டவுன்" என்ற வரி வரும். அடுத்தது "ரெடோ ஸ்டார்ட்ஸ் அட்" என்று ஓர் இடத்தைச் சொல்லும். கடைசி செக்பாயிண்ட் தொடங்கிய இடம் அது. அங்கிருந்து வால் பதிவுகளை ஒவ்வொன்றாக மறுபடி ஓட்டும்; இதுதான் ரெடோ. முடிவில் "இன்வேலிட் ரெக்கார்ட் லெங்த்" என்றும், 24 எதிர்பார்த்து 0 கிடைத்தது என்றும் ஒரு வரி வரும். இதைப் பார்த்து டேட்டா கெட்டுவிட்டது என்று பதறுகிறவர்கள் நிறைய. அது பிழையே அல்ல; வால் அந்த இடத்தோடு முடிகிறது, அதற்கப்பால் வெற்றிடம் என்று பொருள். பிறகு "ரெடோ டன்", ஒரு செக்பாயிண்ட், "ரெடி டு அக்செப்ட் கனெக்ஷன்ஸ்". அவ்வளவுதான்.

பாதியில் நின்ற டிரான்சாக்ஷன்களை (ஒரே கட்டாக நடக்க வேண்டிய மாற்றங்களை) போஸ்ட்கிரெஸ் திருப்பி அழிப்பதில்லை. கமிட் பதிவு இல்லாத டேபிள் வரிகள் யார் கண்ணுக்கும் தெரியாமல் கிடக்கும், பின்னால் வேக்கூம் என்ற துப்புரவு வேலை வந்து கூட்டிவிடும். டிபி2, எஸ்க்யூஎல் சர்வர் போன்ற டேட்டாபேஸ்கள் ரெடோவுக்குப் பிறகு, அப்படித் திருப்பி அழிக்கும் அன்டூ கட்டம் ஒன்றையும் ஓட்டுகின்றன. அந்த முறையை ஒழுங்காக வகுத்துக் கொடுத்தது 1992-ல் வெளியான ஏரீஸ் ஆய்வுக் கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் சி. மோகன் ஐஐடி மெட்ராஸில் படித்து, ஐபிஎம் அல்மாடன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். உலகத்து வங்கிக் கணக்குகள் கரண்ட் போனாலும் தப்பிப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊரில் அந்தப் பெயர் அதிகம் பேசப்படுவதில்லை.

இன்னொரு நுணுக்கம். பக்கம் 8 கேபி. வட்டோ பெரும்பாலும் 4 கேபி அல்லது 512 பைட் துண்டுகளாகத்தான் எழுதும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி புதியது, பாதி பழையது என்று பக்கம் கிழிந்துவிடும். கிழிந்த பக்கத்தின் மேல் ரெடோ ஓட்டிப் பயனில்லை. அதனால்தான் ஒவ்வொரு செக்பாயிண்டுக்குப் பிறகும் ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது அந்தப் பக்கத்தையே முழுதாக வாலில் எழுதுகிறது. ஃபுல்_பேஜ்_ரைட்ஸ் என்ற அமைப்பு அது. வால் அளவு குறையும் என்று அதை ஆஃப் செய்யச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள். வால் அளவு குறைய வேண்டுமானால் செக்பாயிண்ட் இடைவெளியைக் கூட்டுங்கள்: மேக்ஸ்_வால்_சைஸ் 8 அல்லது 16 ஜிபி, செக்பாயிண்ட்_டைம்அவுட் 15 நிமிடம். அதற்கான விலை, கிராஷுக்குப் பின் எழுந்திருக்க இன்னும் சிறிது நேரம் பிடிக்கும்.

எஃப்சிங்க் என்ற அமைப்பையும் அப்படித்தான், ஆஃப் செய்யவே கூடாது. வேகம் வேண்டுமென்றால் சிங்க்ரனஸ்_கமிட்டை ஆஃப் செய்யலாம். அதில் கிராஷின்போது கடைசி அரை நொடி அளவிலான கமிட்டுகள் போகலாம், ஆனால் டேட்டாபேஸ் கெடாது. எஃப்சிங்கை ஆஃப் செய்தால் டேட்டாபேஸே கெடும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வது வழக்கமான தவறு.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: எஃப்சிங்க் "ஆயிற்று" என்றால் வட்டில் நிஜமாகவே எழுதியாயிற்று என்பது. மின்சாரம் போனால் தாங்கும் மின்தேக்கி இல்லாத சாதாரண எஸ்எஸ்டிகளும், பேட்டரி செத்துப்போன ரெய்டு கார்டுகளும் (பல வட்டுகளைச் சேர்த்து நடத்துபவை) இந்த இடத்தில் பொய் சொல்லலாம். லினக்ஸ் கர்னலிலேயே ஒரு சிக்கல் இருப்பது 2018-ல் பெரிதாகப் பேசப்பட்டது. எழுதுவதில் பிழை வந்தால் கர்னல் அதை ஒரு முறைதான் சொல்லும்; போஸ்ட்கிரெஸ் மறுபடி எஃப்சிங்க் கேட்டால் "சரி" என்று பதில் வந்துவிடும், டேட்டா மட்டும் வட்டில் இருக்காது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தங்களிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் பேனிக் ஆகி நின்று, வாலிலிருந்து மறுபடி ஓட்டுகிறது. உங்கள் 16-ல் இது இருக்கிறது.

இனி, கிராஷ் ரெகவரியால் முடியாதவை. வட்டே போனால் வாலும் கூடப் போகும். மனிதத் தவறுக்கும் அதனிடம் மருந்தில்லை. டேபிளை அழிக்கும் டிராப் டேபிள் ஆணையும் ஒரு கமிட்தான், வாலில் விசுவாசமாகப் பதியும், கிராஷுக்குப் பிறகு அதே விசுவாசத்தோடு மறுபடி நடத்தப்படும். ரெப்ளிகா (உடனுக்குடன் நகலாகும் இரண்டாவது சர்வர்) வைத்திருக்கிறோமே என்பார்கள். அழிப்பு அங்கேயும் சில நொடிகளில் போய்ச் சேரும். வேண்டுமானால் ஒரு ரெப்ளிகாவில் ரெகவரி_மின்_அப்ளை_டிலே என்பதை 4 மணி நேரம் என்று வைத்து, வேண்டுமென்றே பின்தங்க விடலாம். நல்ல தற்காப்பு, ஆனால் பேக்கப்புக்கு மாற்று அல்ல.

உங்கள் பிஜி_டம்ப் விஷயத்துக்கு வருவோம். அது கெட்ட கருவி அல்ல. ஒரே ஸ்னாப்ஷாட்டில் (ஒரே நொடியின் நிலையில்) படிப்பதால் உள்ளுக்குள் முரண் இல்லாத பிரதி கிடைக்கும். பதிப்பு மாற்றலாம், ஒரு டேபிளை மட்டும் எடுக்கலாம். ஆனால் நீங்கள் செய்யும் விதத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. டம்பின் வெளியீட்டைப் பைப் வழியாக ஜிசிப்புக்கு அனுப்பும்போது, ஸ்கிரிப்டில் பைப்ஃபெயில் (நடுவில் எது தோற்றாலும் தோல்வி என்று காட்டும் அமைப்பு) போடாவிட்டால், ஷெல் பார்ப்பது ஜிசிப்பின் முடிவை மட்டும்தான். பிஜி_டம்ப் பாஸ்வேர்டு தவறி முதல் நொடியிலேயே செத்தாலும் ஜிசிப் ஒன்றுமில்லாததைச் சுருக்கி, சரியாக 20 பைட் கோப்பு ஒன்றைச் செய்து, வெற்றி என்று சொல்லிவிடும். தேதி போட்ட கோப்பு தினமும் வந்துகொண்டே இருக்கும். இப்போதே போய் அந்தக் கோப்புகளின் அளவைப் பாருங்கள்.

பைப்பே வேண்டாம். கஸ்டம் ஃபார்மட்டில் எடுத்தால் உள்ளேயே சுருக்கம் உண்டு. டைரக்டரி ஃபார்மட்டில் எடுத்தால் ஜாப்ஸ் எண்ணிக்கை கொடுத்து எடுப்பதையும் இணையாகச் செய்யலாம். இரண்டு வடிவங்களிலும் பிஜி_ரீஸ்டோர் பல ஜாப்களாக ஓடும். உங்களுடைய வெறும் எஸ்க்யூஎல் கோப்பு ஒற்றை வரிசையில்தான் ஏறும். 180 ஜிபிக்கு இன்டெக்ஸ் (தேடல் அட்டவணை) கட்டுவதற்கே பல மணி நேரம் போகும் என்பதால் இந்த வித்தியாசம் சின்னதல்ல. பிஜி_டம்பில் ரோல்களும் (பயனர் கணக்குகள்) பாஸ்வேர்டுகளும் வராது. பிஜி_டம்ப்ஆல் கருவியை குளோபல்ஸ் மட்டும் என்று தனியாக ஓட்டி வையுங்கள். ஏற்றி முடித்ததும் அனலைஸ் (டேபிள்களின் புள்ளிவிவரம் திரட்டும் ஆணை) ஓட்ட மறந்தால் குவெரிகள் ஆமை வேகத்தில் போகும், மீட்டதே பழுது என்று தோன்றும்.

பிஜி_டம்பின் பதிப்பு சர்வரைவிடப் பழையதாக இருந்தால் அது எடுக்கவே மறுத்துவிடும். கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். ரெப்ளிகாவின் டேட்டா டைரக்டரியைத் துடைக்க நினைத்த பொறியாளர் பிரைமரியில் (முதன்மை சர்வரில்) ஆணையை ஓட்டிவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. டம்பைத் தேடினால் அதுவும் இல்லை: சர்வர் 9.6, ஓடிக்கொண்டிருந்த பிஜி_டம்ப் 9.2. ஒவ்வொரு நாளும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய கிரான் மின்னஞ்சல்களை டிமார்க் (அனுப்பியவர் யார் என்று சரிபார்க்கும் முறை) கையொப்பம் இல்லை என்று மெயில் சர்வர் திருப்பிக்கொண்டிருந்தது. 6 மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட் (வட்டின் அந்நேரத்துப் பிரதி) ஒன்றுதான் காப்பாற்றியது. அவர்கள் இதையெல்லாம் மறைக்காமல் பொதுவில் எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை: தோல்வி வந்தால் செய்தி அனுப்பும் அமைப்பை நம்பாதீர்கள். வெற்றி வந்தால் பதிவாகட்டும். 26 மணி நேரமாக வெற்றிப் பதிவு இல்லை என்றால், வேறொரு இயந்திரம் கத்தட்டும்.

இப்போது 2.59-க்குப் போகும் வழி. இரண்டு பொருள் வேண்டும்: டேட்டா டைரக்டரியின் முழுப் பிரதி ஒன்று, அதை எடுக்கத் தொடங்கிய நொடியிலிருந்து இடைவெளி இல்லாத வால் கோப்பு வரிசை ஒன்று. வால் கோப்பு ஒவ்வொன்றும் 16 எம்பி, பெயரில் 24 இலக்கம். வால்_லெவல் என்ற அமைப்பு இயல்பாகவே ரெப்ளிகா என்றுதான் இருக்கும், அதைத் தொட வேண்டாம். வால் கோப்புகளை வெளியே எடுத்து வைக்கும் ஆர்க்கைவ்_மோடை ஆன் செய்ய சர்வரை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்படி எடுத்து வைக்கும் ஆணையான ஆர்க்கைவ்_கமாண்டை மாற்ற ரீலோட் போதும். நிரம்பிய ஒவ்வொரு வால் கோப்புக்கும் இந்த ஆணை ஒரு முறை ஓடும். அது பூஜ்யம் திருப்பினால் "பத்திரமாயிற்று" என்று எடுத்துக்கொண்டு, போஸ்ட்கிரெஸ் அந்தக் கோப்பை மறுபயன்பாட்டுக்கு விட்டுவிடும். ஆகவே கோப்பு நிஜமாகச் சேர்ந்தால் ஒழியப் பூஜ்யம் திரும்பக் கூடாது, ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் வேறொன்றை எழுதவும் கூடாது. கையேடுகளில் உதாரணமாக வரும் வெறும் சிபி (நகலெடுக்கும்) ஆணை எஃப்சிங்க் செய்வதில்லை. பிரதி எடுத்த இயந்திரத்திலும் கரண்ட் போனால் வரிசையில் ஓட்டை விழும். ஒரு கோப்பு குறைந்தாலும் அதற்குப் பிறகு உள்ளவை எல்லாம் குப்பை. இதனால் சொந்த ஸ்கிரிப்ட் எழுதாமல் பிஜிபேக்ரெஸ்ட், பார்மன், வால்-ஜி என்ற பேக்கப் கருவிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்வதே என் பரிந்துரை.

வால் கோப்பு நிரம்பினால்தான் வெளியே போகும் என்பதால், மந்தமான நேரத்தில் ஒரே கோப்பு ஒரு மணி நேரம்கூட உள்ளேயே கிடக்கும். ஆர்க்கைவ்_டைம்அவுட் வைத்தால் அந்த இடைவெளிக்கு ஒரு முறை கட்டாயமாக வெளியேறும். 5 நிமிடம் என்று வைத்தால் நாளுக்கு அதிகபட்சம் 288 கட்டாயக் கோப்புகள், சுருக்காமல் சுமார் 4.5 ஜிபி. 60 நொடி என்றால் 1,440 கோப்புகள், 22.5 ஜிபி. பாதி காலியான கோப்புகள் நன்றாகவே சுருங்கும், பயப்பட வேண்டாம். ஒரு நிமிட இழப்பும் தாங்காது என்றால் வேறொரு இயந்திரத்தில் பிஜி_ரிசீவ்வால் ஓட்டுங்கள்; அது நடப்புக் கோப்பையே ஓடையாக இழுத்துக்கொள்ளும்.

முழுப் பிரதியை பிஜி_பேஸ்பேக்கப் எடுக்கும், சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. அது படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கங்கள் மாறிக்கொண்டிருக்குமே என்று கேட்கலாம். மாறட்டும். அந்தப் பிரதி நேரடியாகப் பயன்படுவது அல்ல. கிராஷ் ஆன டேட்டாபேஸ் மாதிரியே அதுவும் தாறுமாறான நிலையில்தான் இருக்கும், வால் வந்துதான் அதை நேராக்கும். எந்த இடத்திலிருந்து நேராக்க வேண்டும் என்று பேக்கப்_லேபிள் என்ற சின்னக் கோப்பு சொல்கிறது. மீட்கும்போது சர்வர் எழ மறுக்கிறது என்று எரிச்சலில் அந்தக் கோப்பை அழிக்கிறவர்கள் உண்டு. அழித்தால் சர்வர் எழும், ஆனால் தவறான இடத்திலிருந்து எழும். கெட்டது சில வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

ரெகவரி ஒற்றை செயல்முறையாக வரிசையில் ஓடுவது. நாளுக்கு 40 ஜிபி வால் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 2,560 கோப்புகள். ஞாயிறு அதிகாலை முழுப் பிரதி எடுத்து புதன் பகல் 3 மணிக்குப் போக வேண்டுமென்றால் 140 ஜிபிக்கு மேல் ஓட்ட வேண்டும். முழுப் பிரதியை நகலெடுப்பதோ, நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 180 ஜிபிக்கு அரை மணி நேரம்தான். ஆகவே வாரம் ஒரு முழுப் பிரதி போதாது. வாரம் ஒரு முழுப் பிரதி, தினமும் ஒரு டிஃபரென்ஷியல் (கடைசி முழுப் பிரதிக்குப் பின் மாறியவை மட்டும்) என்று பிஜிபேக்ரெஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள். 17-க்கு மேம்படுத்தினால் பிஜி_பேஸ்பேக்கப்பிலேயே இன்கிரிமென்டல் (முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியவை மட்டும் எடுக்கும்) வசதி உண்டு. அவற்றை பிஜி_கம்பைன்பேக்கப் கொண்டு சேர்க்க வேண்டும்.

விபத்து நடந்த அன்று என்ன செய்வது? டேபிள் போய்விட்டது என்று தெரிந்ததும் பிரைமரியில் பிஜி_ஸ்விட்ச்_வால் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள், நடப்பு வால் கோப்பு ஆர்க்கைவுக்குப் போய்விடும். பிறகு மீட்பை வேறு இயந்திரத்தில் செய்யுங்கள். பிரைமரியையே 2.59-க்குத் திருப்பினால், ஒரு டேபிளுக்காக அதற்குப் பிறகு போட்ட மற்ற பில்கள் அனைத்தையும் பறிகொடுப்பீர்கள்.

அந்த இயந்திரத்தில் அதே மேஜர் பதிப்பு வேண்டும், அதே வகை பிராசசர் வேண்டும். முழுப் பிரதியை விரித்து, டைரக்டரி போஸ்ட்கிரெஸ் பயனருக்குச் சொந்தமாகவும் 0700 அனுமதியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அமைப்புக் கோப்பில் ரீஸ்டோர்_கமாண்ட் (ஆர்க்கைவிலிருந்து வால் கோப்பை எடுக்கும் ஆணை), ரெகவரி_டார்கெட்_டைம் (நிற்க வேண்டிய நேரம்) இரண்டையும் எழுதி, ரெகவரி.சிக்னல் என்று வெற்றுக் கோப்பு ஒன்றை வையுங்கள். பழைய குறிப்புகளில் ரெகவரி.கான்ஃப் என்று இருக்கும்; 12-லிருந்து அது கிடையாது, வைத்தால் சர்வர் எழவே எழாது. நேரத்தை எழுதும்போது கடைசியில் +05:30 கட்டாயம் போடுங்கள். சர்வரின் டைம்சோன் யூடிசி என்று இருந்து, நீங்கள் வெறுமனே 14:59 என்று எழுதினால் அது நம் நேரத்தில் இரவு 8.29. டிராப் நடந்த பிறகுதான் போய் நிற்பீர்கள். அதுவும் அவ்வளவு தூரத்துக்கு வால் இருந்தால்.

அதே கோப்பில் ஆர்க்கைவ்_மோடை ஆஃப் செய்ய மறக்கக் கூடாது. பிரதியோடு பிரைமரியின் அமைப்பும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். மீட்ட சர்வர் புரமோட் ஆனதும் (எழுதவும் திறந்ததும்) புதிய டைம்லைன், அதாவது வாலின் புதிய கிளை, ஒன்றைத் தொடங்கி, அதே ஆர்க்கைவுக்குள் தன் கோப்புகளையும் தள்ளும். அடுத்த முறை மீட்கும்போது இயல்பு அமைப்பு கடைசி டைம்லைனைத் தேடிப் போகும் என்பதால், இந்தச் சோதனைக் கிளைக்குள் நுழைந்துவிடும். லிசன்_அட்ரசஸ் லோக்கல்ஹோஸ்ட் என்று மட்டும் இருக்கட்டும்; பில்லிங் மென்பொருள் தவறி இங்கே வந்து ஒட்டிக்கொள்ளாது.

ரெகவரி_டார்கெட்_ஆக்ஷன் இயல்பாக பாஸ். அதாவது சொன்ன நேரத்தில் நின்று, படிக்க மட்டும் திறக்கும். டேபிள் இருக்கிறதா, கடைசி பில் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். இன்னும் சற்றுப் பிந்தைய நேரத்துக்குப் போக வேண்டுமா? நிறுத்தி, நேரத்தைத் தள்ளி வைத்து, மறுபடி எழுப்பினால் தொடரும். முந்தைய நேரத்துக்குத் திரும்ப மட்டும் வழி கிடையாது, முழுப் பிரதியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதனால் முதல் முயற்சியில் இலக்கைச் சில நிமிடம் முன்னாலேயே வைப்பது புத்திசாலித்தனம். சரியான நொடி தெரிய வேண்டுமென்றால் லாக்_ஸ்டேட்மென்ட் என்பதை டிடிஎல் என்று முன்கூட்டியே வைத்திருங்கள், டிராப் ஓடிய நேரம் லாகில் விழும். அது இல்லையென்றால் பிஜி_வால்டம்ப் கொண்டு அந்த நேரத்து வால் கோப்பைத் திறந்து, டிரான்சாக்ஷன் எண்ணைக் கண்டுபிடித்து, ரெகவரி_டார்கெட்_எக்ஸ்ஐடி கொடுத்து, இன்க்ளூசிவை ஆஃப் செய்தால் அதற்கு ஒரு படி முன்னால் நிற்கும். திருப்தியானதும் பிஜி_டம்ப் மூலம் அந்த ஒரு டேபிளை மட்டும் எடுத்துப் பிரைமரியில் ஏற்றுங்கள். வேறு டேபிள்களிலிருந்து அதைச் சுட்டும் ஃபாரின் கீ (இணைப்பு விதி) இருந்தால் டிராப்போடு அவையும் போயிருக்கும். டேபிளை ஏற்றியபின் அவற்றையும் திரும்பக் கட்ட வேண்டும்.

"ரெகவரி எண்டெட் பிஃபோர் கான்ஃபிகர்ட் டார்கெட்" என்ற பொருளில் நின்றுவிட்டால் நீங்கள் கேட்ட நேரம்வரை வால் இல்லை, ஆர்க்கைவில் ஓட்டை தேடுங்கள். "கன்சிஸ்டென்ட் ரெகவரி பாயின்டுக்கு முந்தையது" என்று சொன்னால், கேட்ட நேரம் அந்தப் பிரதி எடுத்து முடிப்பதற்கும் முன்பு; இன்னும் பழைய பிரதியை எடுங்கள்.

ஆர்க்கைவ் வைத்த பிறகு வரும் புதிய தொல்லை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆர்க்கைவ்_கமாண்ட் தோற்றால் போஸ்ட்கிரெஸ் அந்தக் கோப்பை விடாமல் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். பேக்கப் வட்டு நிரம்பிய ஒரே ராத்திரியில் பிஜி_வால் டைரக்டரி பெருத்து, இடமில்லாமல் சர்வர் பேனிக் ஆகி விழும். கைவிட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ரெப்ளிகாவுக்காக வாலைப் பிடித்து வைக்கும் பதிவு) ஒன்று இருந்தாலும் இதே கதி. அதற்கு மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்று ஒரு வரம்பு வைக்கலாம். பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர் காட்சியில் கடைசியாக ஆர்க்கைவ் ஆன நேரத்தையும் தோல்வி எண்ணிக்கையையும் கண்காணித்தால் முன்பே தெரியும்.

நிரம்பிவிட்டால் பிஜி_வாலுக்குள் கை வைத்து எதையும் அழிக்காதீர்கள். முன்பு அந்த டைரக்டரிக்கு பிஜி_எக்ஸ்லாக் என்று பெயர். "லாக்தானே" என்று அழித்து டேட்டாபேஸையே இழந்தவர்கள் இருந்ததால்தான் 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள். வட்டில் இடத்தைக் கூட்டுங்கள், அல்லது அதே பார்ட்டிஷனில் உள்ள வேறு எதையாவது நகர்த்துங்கள், சர்வர் எழும். பிறகு காரணத்தைச் சரிசெய்தால் அதுவே கழித்துவிடும். தெரிந்தவர்கள் அவசரத்துக்காக அதே பார்ட்டிஷனில் 2 ஜிபி வெற்றுக் கோப்பு ஒன்றை முன்பே போட்டு வைத்திருப்பார்கள். பிஜி_ரீசெட்வால் கடைசிக்கும் கடைசி ஆயுதம். அது சர்வரை எழுப்பும், டேட்டாவின் நேர்மைக்கு உத்தரவாதம் தராது. அதை ஓட்ட நேர்ந்தால், எழுந்த உடனே டம்ப் எடுத்துப் புதிய கிளஸ்டரில் (புதிதாக உருவாக்கிய டேட்டா டைரக்டரியில்) ஏற்றிவிட வேண்டும். பழையதில் தொடர்ந்து வேலை பார்க்கக் கூடாது.

எங்கே வைப்பது என்பது கேட்காத கேள்விதான், ஆனால் உங்கள் டம்ப் அதே சர்வரின் அதே வட்டில் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். இன்னொரு இயந்திரத்தில் ஒன்று, வேறு ஊரிலோ கிளவுடிலோ ஒன்று. கிளவுடில் பிரைமரிக்கு எழுத மட்டும் அனுமதி இருக்கட்டும், அழிக்க வேண்டாம். ரான்சம்வேர் வந்தால் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். பேக்கப்பைக் குறியாக்கம் செய்தால் அதன் சாவி அந்த சர்வருக்கு வெளியேயும் ஓர் இடத்தில் இருக்க வேண்டும்.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. பிஜி_வெரிஃபைபேக்கப் கோப்புகள் அப்படியே இருக்கின்றனவா என்று மட்டும் சொல்லும், எழுமா என்று சொல்லாது. வாரம் ஒரு முறை பழைய இயந்திரம் ஒன்றில் ஸ்கிரிப்ட் வழியாக, நேற்றுப் பகல் ஏதோ ஒரு நேரத்துக்கு மீட்கச் செய்யுங்கள். எழுந்ததும் கடைசி பில்லின் நேரம் இலக்கோடு பொருந்துகிறதா என்று பார்க்கட்டும். பிறகு பிஜி_அம்செக் ஓட்டி இன்டெக்ஸ்களைச் சோதிக்கட்டும், மொத்தம் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வைக்கட்டும். விபத்து நாளில் "எப்போது சரியாகும்?" என்று முதலாளி கேட்கும்போது அந்த நிமிடக் கணக்குதான் பதில். செக்சம்கள் (பக்கம் கெட்டதைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்கள்) ஆன் ஆகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். 16-ல் அவை இயல்பாக ஆஃப், 18-லிருந்துதான் இயல்பாக ஆன். சர்வரை நிறுத்திவிட்டு பிஜி_செக்சம்ஸ் கொண்டு ஆன் செய்யலாம். 180 ஜிபியையும் ஒரு முறை படித்து எழுதும், ஞாயிறு இரவுக்கு ஏற்ற வேலை.

மீட்கும் இயந்திரத்தில் லினக்ஸ் பதிப்பு வேறு என்றால் மட்டும் ஒரு எச்சரிக்கை. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28-ஆம் பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி பெரிதாக மாறியது. அதற்கு முந்தைய லினக்ஸில் எடுத்த முழுப் பிரதியைப் புதிய லினக்ஸில் எழுப்பினால், டெக்ஸ்ட் நெடுவரிசை இன்டெக்ஸ்கள் பழைய வரிசையிலேயே இருக்கும், தேடுவதோ புதிய விதிப்படி. பிழைச் செய்தி எதுவும் வராது. இருக்கிற வாடிக்கையாளர் பெயரை "இல்லை" என்று சொல்லும், யூனிக் இன்டெக்ஸில் ஒரே பெயர் இரண்டு முறை நுழையும். அப்படி மாற்ற நேர்ந்தால் ஆட்களை உள்ளே விடுவதற்கு முன் ரீஇன்டெக்ஸ் (இன்டெக்ஸ்களை மறுபடி கட்டும் ஆணை) ஓட்டுங்கள். டம்பிலிருந்து ஏற்றினால் இன்டெக்ஸ் அங்கேயே புதிதாகக் கட்டப்படுவதால் இந்தச் சிக்கல் வராது. உங்கள் இரவு 1 மணி டம்பை நிறுத்தச் சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.